ஆடி முடிவதற்குள் ஒரு ஜீப்

1

இந்தக் குறிப்புகளை வழக்கமாக எட்மன்டனில், என் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுவேன். பனியைப் பற்றி எழுதுவேன். பேத்தியின் பள்ளிக்கூடத்தில் என் பெயரை ஒருவரும் சரியாகச் சொல்லாததைப் பற்றி எழுதுவேன். ஊரில் இருக்கும் நீங்கள் படித்துவிட்டு, "அங்கே இப்படியா!" என்று வியப்பீர்கள். இந்த முறை எல்லாம் தலைகீழ். ஒரகடம் பக்கத்தில் வடக்குப்பட்டில், என் தம்பி வீட்டுப் பின்கட்டில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஷெட்டில் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரே ஒரு பழைய ஜீப் நிற்கிறது.

தை மாதம் இரண்டு வாரத்துக்கென்று வந்தவன். ஆடியும் வந்துவிட்டது. திரும்பிப் போகவில்லை.

என் மகள் கவிதா வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் முதலில் என் கையைத்தான் பார்க்கிறாள்.

"அப்பா, நகத்துல என்ன அது?"

"துரு."

அவளுக்கு அந்தச் சொல் தெரியாது. எட்மன்டனில் வளர்ந்த பெண். விளக்கிச் சொன்னேன். "தாத்தா துரு கூட பிசியா இருக்கார்" என்று அவள் தன் மகளிடம் சொல்லியிருக்கிறாள். மறுநாள் பேத்தி திரையில் முகத்தை ஒட்டிக்கொண்டு, "தாத்தா, மிஸ்டர் துரு எப்படி இருக்கார்? அவர் உங்க ஃப்ரெண்டா?" என்று கேட்டாள்.

"ரொம்ப நாள் பழக்கம்" என்றேன்.

பொய்யில்லை. எண்ணெய்க் குழாய்கள் எப்படித் துருப்பிடிக்கின்றன, எப்போது உடையும் என்று அறிக்கை எழுதித்தான் அந்த நாட்டில் பிழைத்தேன். ஆனால் ஒருநாளும் என் கையால் ஒரு துருப்பிடித்த நட்டைக் கழற்றியதில்லை. எழுபதைத் தாண்டிய பிறகு கழற்றிக்கொண்டிருக்கிறேன்.

2

வண்டியின் கதை சுருக்கமானது. கனடாவுக்குப் போவதற்கு முந்தைய வருடம், அரசாங்க ஏலத்தில் அந்தப் பெட்ரோல் ஜீப்பை எடுத்தேன். கல்லூரியில் வேதியியல் கற்பித்துக்கொண்டிருந்த எனக்கு அது எதற்கு என்று அப்பா கேட்டார். ஆசை, அவ்வளவுதான். விமான நிலையத்தில் தம்பி ஏழுமலையிடம் சாவியைக் கொடுத்து, "வித்துடாத. ரெண்டு வருஷத்துல வந்துடுவேன்" என்றேன்.

ரெண்டு வருஷம் போய், வீடு வாங்கி, குடியுரிமை வாங்கி, மனைவியை அங்கேயே அடக்கமும் செய்தாயிற்று. ஏழுமலை விற்கவில்லை.

லீவில் வரும்போதெல்லாம் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் வண்டி கொஞ்சம் கூடுதலாகச் செத்திருக்கும். டயர் தரையோடு ஒட்டிப்போனது. அடித்தகடு ஓட்டையாகி, கீழிருந்து புல் எழும்பி உள்ளே வந்தது. ஒருமுறை எல்லோர் முன்னாலும், "ஒரு வண்டியைக் காப்பாத்தத் தெரியலையே உனக்கு" என்று ஏழுமலையிடம் சொல்லிவிட்டேன். அவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

இந்தத் தை மாதம் வந்தபோது அவன் மகன் தினேஷ் விஷயத்தைப் போட்டு உடைத்தான். தினேஷ் பக்கத்துக் கார் தொழிற்சாலையில் லைனில் வேலை செய்கிறான்.

"பெரியப்பா, பின்னாடி ரூம் கட்டப் போறேன். ஒடிசா பசங்க வாடகைக்கு வூடு கேட்டு தெனம் வந்து நிக்கிறானுங்க. ஷெட்ட இடிக்கணும். காயலான் கடைக்காரன்ட்ட சொல்லிட்டேன், வண்டிய வந்து தூக்கிக்கினு போயிடுவான்."

"எப்ப இடிக்கப் போற?"

"ஆடியில யாரு கடைக்கால் தோண்டுவாங்க? ஆவணி மொத முகூர்த்தம்."

"அதுவரைக்கும் வண்டியத் தொடாத. நானே சரி பண்றேன். ஆவணியில அது தன் இன்ஜின்ல, தன் சக்கரத்துல இந்தக் கேட்டத் தாண்டும். தாண்டலன்னா காயலான் கடைக்கு நானே தள்ளி விடுறேன்."

தினேஷ் சிரித்தான். "நீங்களா?"

"நானேதான். நீ வேணா ஒத்தாசை பண்ணு. கார் தானே செய்யிற?"

"நான் டோரு மட்டுந்தான் பெரியப்பா. அதுவும் லெஃப்ட் டோரு. ரைட்டு வேற ஸ்டேஷன்."

3

தினமும் வெயில் ஏறும்முன் ஷெட்டுக்குப் போய்விடுவேன். எட்மன்டனில் இந்த நேரத்தில் மாத்திரை டப்பாவைத் திறந்து, வானிலை கேட்டு, யாரும் வராத தெருவை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பேன். இங்கே வீட்டு வாசலில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகின்றன. பெரிய சாலைக்குப் போனால், புதுக் கார்களை அடுக்கிய நீளமான லாரிகள் துறைமுகத்துக்குப் போவதைப் பார்க்கலாம். இத்தனை கார் செய்யும் ஊரில், கார்புரேட்டர் என்று ஒன்று இருந்தது என்பதே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. உதிரி பாகத்துக்குப் புதுப்பேட்டைக்குத்தான் ஓட வேண்டியிருந்தது.

நான் சிறந்த மெக்கானிக் இல்லை. நல்ல மெக்கானிக்கும் இல்லை. வெல்டிங் கற்றுக்கொள்கிறேன் என்று அடித்தகட்டில் இருந்த ஓட்டையை இரண்டு மடங்காக்கினேன். பிரேக் டிரம் வரவில்லை என்று ஓங்கி அடித்ததில் டிரம் உடைந்தது. படப்பையில் லேத் பட்டறைக்குப் போய், "ஐயா, இந்த உருளையைச் சற்றுக் கடைந்து தர இயலுமா?" என்று கேட்டிருக்கிறேன். பட்டறைக்காரர் என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "சாருக்கு இலங்கையா?" என்றார்.

ஒன்றில் மட்டும் எனக்குப் பெருமை. நீல பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் ஊற்றி, சலவைச் சோடா கரைத்து, பேட்டரி சார்ஜரின் ஒரு கம்பியைப் பழைய இரும்பிலும் மறு கம்பியைத் துருப்பிடித்த பாகத்திலும் கட்டி முக்கிவைத்தேன். பொங்கிப் பொங்கித் துரு கழன்று மேலே மிதந்தது. வாழ்நாள் முழுக்கக் காகிதத்தில் எழுதிய சமன்பாடு என் கண்ணெதிரே நுரைத்தது.

ஏழுமலை ஷெட் பக்கம் வரவே இல்லை. சற்றுத் தள்ளி மாடு கட்டும் இடத்தில், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பான். பேசுவது மாட்டிடம், சொல்வது எனக்கு.

"பாத்தியா லட்சுமி, கனடா இஞ்சினீரு நட்ட இறுக்கிக்கினே கழட்டுறாரு."

நான் எதிர்ப்பக்கமாகத் திருகிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. மாட்டுக்கு நன்றி சொன்னேன்.

4

வண்டி ஓடினால் போதாது, காகிதமும் ஓட வேண்டுமாம். பதிவு எப்போதோ காலாவதி. ஆர்.டி.ஓ. விஷயங்களைப் பார்த்துத் தரும் ஒரு ஏஜென்ட்டைத் தினேஷ் காட்டினான்.

"ஆதார் இருக்கா சார்?"

"இல்ல. கனடா பாஸ்போர்ட். இந்தியாவுக்கு வந்து போக ஓ.சி.ஐ. அட்டை."

"அப்ப நீங்க ஃபாரினரு."

"நான் பொறந்த வீடு அதோ, அந்த பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாடி."

"அது சரி சார், சிஸ்டம் ஏத்துக்காதே." கொஞ்சம் யோசித்தார். முகம் மலர்ந்தது. "ஓனரு நீங்க தானே? ஓனரு தவறிட்டாருன்னா ஈசி. தம்பிக்கு வாரிசு சர்ட்டிபிகேட் வாங்கி அவர் பேருக்கு மாத்திடலாம்."

"நான் உயிரோட உக்காந்திருக்கேனே."

"அதான் சார் பிராப்ளம்."

சாகிற உத்தேசம் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். வண்டியை என் பெயரிலிருந்து தம்பி பெயருக்கு மாற்ற, உயிரோடிருக்கும் ஒருவனுக்கு என்ன வழியோ அந்த வழியில்தான் போவேன் என்று மனு எழுதினேன். திருப்பி அனுப்பினார்கள். மறுபடி எழுதினேன். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். கனடாக் குடியுரிமைக்குக்கூட இவ்வளவு பிடிவாதம் பிடித்ததில்லை.

கவிதா சண்டை பிடித்தாள். "அப்பா, இது பைத்தியக்காரத்தனம். உங்க டாக்டர் அப்பாயின்ட்மென்ட் போச்சு. ஒரு பழைய இரும்புக்காக அங்க உக்காந்திருக்கீங்க. டிக்கெட் போடட்டுமா?"

"போடாத."

"எனக்கு பயமா இருக்கு. நீங்க தனியா..."

"தனியா இருந்தது அங்கதாம்மா."

சொன்னதும் அவள் முகம் சுருங்கியது. அதை இப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் டிக்கெட் விஷயத்தில் நான் இறங்கி வரவில்லை.

5

இதுவரை வீம்பாகத்தான் எழுதிவந்தேன். இனி எழுதப்போவதை வீம்போடு எழுத முடியாது.

சித்திரை வெயிலில் ஒருநாள், டீ கொண்டுவந்த தம்பி மனைவி தேவகியிடம் புலம்பினேன். "ஒரு தார்ப்பாயாவது போட்டு மூடியிருக்கலாம்ல? மாசத்துக்கு ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணியிருந்தா இன்ஜின் இப்படி இறுகியிருக்குமா? இவனுக்கு எதுலயும் அக்கறையே கிடையாது."

தேவகி டம்ளரை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள். என் எதிரே அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை.

"மாமா, நீங்க தொடாதன்னு சொன்னீங்க. அவரு தொடல."

"நானா? எப்ப?"

"மல்லாட்ட மூட்டைக்கி."

அதற்குமேல் அவள் சொல்லத் தேவையே இருக்கவில்லை. நினைவு வந்துவிட்டது. நான் போன சில வருடங்களில், ஒரகடம் கூட்டுரோட்டு எஸ்.டி.டி. பூத்துக்கு அவனை வரச்சொல்லி அங்கே கூப்பிடுவேன். நிலக்கடலை அறுவடை முடிந்த ஒருநாள் சந்தோஷமாகச் சொன்னான்: "அண்ணா, இந்தத் தபா மல்லாட்டய ஜீப்புலயே ஏத்திக்கினு மார்க்கெட் போயிட்டேன்." அன்று எனக்கு வேலையில் ஏதோ அவமானம். யார் என்ன சொன்னார்கள் என்பதுகூட மறந்துவிட்டது. அந்தக் கோபத்தை அவன்மேல் கொட்டினேன். "அது என்ன மூட்டை தூக்குற வண்டியா? என் வண்டி அது. இனிமே தொடாத."

ஒரு நிமிடப் பேச்சு. ரிசீவரை வைத்ததும் நான் மறந்துபோனேன்.

"அன்னிக்கு சாயந்திரம் கொண்டாந்து ஷெட்டுல வுட்டாரு" என்றாள் தேவகி. "அதுக்கப்புறம் சாவிய எடுக்கல. தினேசு பொறக்கறப்ப எனக்கு வலி எடுத்துச்சு. நான் கத்திக்கினு கெடக்கேன். எங்கம்மா ஜீப்ப எடுப்பான்னு கெஞ்சுது. இவரு ஓடிப்போயி டிராக்டர் கூட்டியாந்தாரு. டிரெய்லர்ல வெக்கோல் போட்டு படுக்க வெச்சு படப்பை ஆஸ்பத்திரிக்கி கொண்டு போனாங்க. மேடு பள்ளம் ஒவ்வொண்ணும் எனக்கு இன்னும் ஞாபகம் கீது மாமா."

ஷெட்டைப் பார்த்தாள். "வண்டி அப்ப நல்லாத்தான் ஓடிச்சு."

வண்டியைத் தின்றது மழை இல்லை, காற்று இல்லை. துருவைப் பற்றி ஊருக்கெல்லாம் அறிக்கை எழுதியவன், இந்தத் துருவின் காரணத்தை முப்பது வருடம் தம்பி தலையில் போட்டுவந்தேன். எல்லோர் முன்னாலும்.

அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை. கேட்டைத் தாண்டுவது இருக்கட்டும். ஷெட்டை இடிக்கும் முன் ஏழுமலை அந்த ஸ்டீரிங்கைப் பிடிக்க வேண்டும். அதைச் சொல்ல மூன்று நான்கு முறை மாட்டுப் பக்கம் போனேன். ஒவ்வொரு முறையும் ஸ்பானர் கேட்டுவிட்டுத் திரும்பிவந்தேன்.

6

வேலையில் வேகம் பிடித்தது. அடித்தகட்டை முழுவதும் வெட்டி எறிந்து புதுத் தகடு போட்டேன். "பட்டி பூசி பெயின்ட் அடிச்சுடுங்க சார், யாருக்குத் தெரியப்போவுது" என்று பட்டறைக்காரர்கள் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். என் வெல்டிங் தழும்பு தழும்பாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

இறுகிக் கிடந்த இன்ஜினுக்குள், துரு இளகட்டும் என்று டீசல் ஊற்றி ஊறவைத்தேன். தினமும் முன்னால், இன்ஜினைக் கையால் சுற்றும் ஹேண்டிலை மாட்டி அழுத்திப் பார்ப்பேன். மலையை அழுத்துவது போலிருக்கும். ஆனி மாதம் ஒருநாள் அது அரை விரல் அசைந்தது. நான் கத்திய கத்தலில் தேவகி கரண்டியோடு ஓடிவந்தாள். பாம்பு என்று நினைத்துவிட்டாளாம்.

ஆடி நடுவில் இன்ஜின் முதல்முறை உயிர் பிடித்தது. கறுப்பாகப் புகைத்து, இருமி, ஒரு தும்மல் போட்டு நின்றது. ஹேண்டில் எதிர்த்து உதைத்ததில் மணிக்கட்டு வீங்கியது. கவிதாவின் முகம் திரையில் வந்தபோது வீங்கிய கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். மாட்டிடமிருந்து கருத்து வந்தது.

"லட்சுமி, இது வண்டி ஸ்டார்ட் ஆன சத்தமா, இல்ல பெருசுக்குக் கை ஒடிஞ்ச சத்தமா?"

ஆனால் அன்று அவன் முதுகு திரும்பியிருக்கவில்லை. பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தான்.

7

இதுவரை ஆடியில் எழுதியது. ஆவணி முதல் முகூர்த்தமும் விடிந்தது. பூமி பூசைக்கு மேஸ்திரி வந்துவிட்டார். சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டார், நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கப் போகாமல் நின்ற தினேஷின் கூட்டாளிகள். எல்லோருக்கும் பூசையைவிட ஜீப்தான் வேடிக்கை. காயலான் கடை வேனும் ஓரமாக வந்து நின்றிருந்தது. தினேஷ் என்னைப் பார்க்காமல் நின்றான்.

வண்டி ஷெட்டுக்குள் முகம் வைத்து நின்றது. பின்னோக்கி எடுத்து, தினேஷ் புதிதாகக் கட்டிய கேட்டுத் தூண்களுக்கு நடுவே தெருவுக்கு வர வேண்டும். ஏறி உட்கார்ந்தேன். ஒருவன் ஹேண்டிலைச் சுற்றினான். பிடித்துக்கொண்டது. விட்டுவிட்டு அடித்தாலும் நிற்கவில்லை. ரிவர்ஸ் கியரைப் போட்டேன்.

அப்போதுதான் ஏழுமலை எழுந்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் வந்து நின்றான். மகன் கட்டிய தூணுக்குப் பயந்து வந்தானா என்று தெரியாது. இரண்டு கைகளையும் ஆட்டிக் கூவினான்.

"வா வா வா... ரைட்! ரைட்!"

ஸ்டீரிங்கை வலது பக்கம் ஒடித்தேன்.

"யோவ்! நேரா வாய்யா! ரைட்... ரைட்..."

இன்னும் வலது பக்கம் ஒடித்தேன்.

"ஹோல்டான்! ஹோல்டான்!"

கெட்டியாகப் பிடித்துக்கொள் என்கிறான் என்று, ஸ்டீரிங்கை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவே இல்லை. ஜீப் அழகாகப் போய்த் தினேஷின் வலது தூணில் மோதியது. தூண் ஒரு கணம் யோசித்தது. பிறகு தெருப்பக்கம் சாய்ந்து விழுந்தது.

நம்மூரில் ரைட் என்றால் போ, ஹோல்டான் என்றால் நிறுத்து. கண்டக்டர் விசிலோடு சேர்த்துக் கத்துவதைக் கேட்டே வளர்ந்தவன் நான். மூளைக்குத் தெரியும். காது மட்டும் நாற்பது வருடம் வேறு ஊரில் குடியிருந்துவிட்டது.

"ரைட்டுன்னா இன்னான்னு கூடவா மறந்துட்ட நீ!" ஏழுமலை என் பக்கம் வந்து நின்று கத்தினான். மாடு இல்லாமல் அவன் என்னிடம் நேராகப் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது. "பஸ்ஸுல போனதே இல்லையா? கனடாவுல பொறந்தியா? எறங்கு. எறங்குன்றேன்ல!"

இறங்கினேன். அவன் ஏறினான். கியரைப் பார்க்காமலே மாற்றினான். உடைந்த கல்லின் மேல் ஏற்றி இறக்கி, மிச்சமிருந்த தூணைத் தொடாமல் தெருவுக்கு எடுத்தான். திரும்பிப் பார்ப்பான் என்று நினைத்தேன். முதல் கியர், இரண்டாம் கியர், கோயில் வளைவு, போய்விட்டான். காப்பீடு இல்லை, பதிவு இல்லை, கண்ணாடிகூட இல்லை.

"பெரியப்பா, என் தூணு" என்றான் தினேஷ்.

"கேட்டத் தாண்டிச்சா இல்லையா?" என்றேன்.

8

பூசை முடிந்தது. பாயசம் கொடுத்தார்கள். காயலான் கடை வேன் வெறுமனே திரும்பிப் போனது. ஏழுமலை வரவில்லை. தேவகி இரண்டு முறை தெருவுக்குப் போய்ப் பார்த்துவந்தாள். உச்சி வெயிலில் வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தான்.

"ஏரிக்கர வளைவுல நின்னுபோச்சு. பெட்ரோலு இல்ல. எஞ்சின் பழுதுன்னு எவனாவது சொன்னா பல்ல ஒடைப்பேன். வா, தள்ளினு வந்துடலாம்."

பெட்ரோலை வாங்கி எடுத்துப்போகலாம் என்று இருவருக்கும் தோன்றவில்லை. போனோம். அவன் வெளியே நின்று ஒரு கையால் ஸ்டீரிங்கைப் பிடித்துத் தள்ள, நான் பின்னாலிருந்து தள்ளினேன். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அதனால்தான் சொல்ல முடிந்திருக்க வேண்டும்.

"ஏழுமல. அன்னிக்கு போன்ல அப்படிப் பேசினது தப்புடா. தேவகிய டிரெய்லர்ல... எல்லாம் என்னாலதான். அப்புறம் ஊரு முன்னாடி உன்னையே திட்டினேன்."

அவன் தள்ளிக்கொண்டே இருந்தான்.

"நீ தொடாதன்னு சொன்னதால ஒண்ணும் நான் நிறுத்தல."

"பின்ன?"

"ரோஷத்துல நிறுத்தினேன். நீயா வந்து ஓட்டுடான்னு சொல்லணும், அதுவரிக்கும் தொடக் கூடாதுன்னு. தேவகி விஷயத்துல அது என் தப்பு. அத நீ எடுத்துக்காத. அவகிட்ட நான் எத்தினியோ தபா வாங்கிக் கட்டிக்கினேன்."

"முப்பது வருஷத்துக்கு மேலயாடா ரோஷம்?"

"ஏன், உனக்கு மட்டுந்தான் வருமா? நீ எத்தினி மாசமா சொல்லாம ஸ்பேனர் கேட்டுக்கினு திரிஞ்ச? நான் பாக்கலயா?"

"இன்னிக்கும் நான் ஓட்டுடான்னு சொல்லலையே."

"நீ எங்க சொன்ன? தூணத்தான் இடிச்ச. போவட்டும்னு வுட்டுட்டேன். நல்லா தள்ளு, மேடு வருது."

பின்னால் ஹாரன் அலறியது. மதிய ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி பஸ். சாலை குறுகல், இரண்டு பக்கமும் பள்ளம். டிரைவர் தலையை நீட்டினான்.

"பெருசு! காயலான் கடைய ஓரங்கட்டு! லேட்டாவுது!"

என் மூச்சு வாங்கியது, மணிக்கட்டு வலித்தது. எட்மன்டனாக இருந்தால் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டு ஒதுங்கியிருப்பேன். ஏழுமலை வாயைத் திறப்பதற்குள் நான் திரும்பிக் கத்திவிட்டேன்.

"ஓரமெல்லாம் கட்ட முடியாது! அவசரம்னா எறங்கி வந்து தள்ளு!"

ஏழுமலை ஸ்டீரிங்கை விடாமல் திரும்பி என்னைப் பார்த்தான். பஸ் இரண்டு முறை உறுமியது. பிறகு அதன் கதவு திறந்து, நீலச் சட்டை போட்டவர்கள் ஒவ்வொருவராக இறங்கத் தொடங்கினார்கள்.